லீவு நாளில் போனை எங்கே நிறுத்துவது?

வாசகர் கடிதம்:

டாக்டர், நாமக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகன் இப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். மகளுக்கு 4 வயது. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. நான் ஒரு கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் வீடு. பகலில் பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். கடைசி நாளன்று பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. டி.சி. எப்போது வாங்குவது, ஹோம்வொர்க் பிடிஎஃப், பார்க்க வேண்டிய வீடியோ லிங்க் எல்லாம் அதில் இருக்கின்றன. கீழே "விடுமுறையில் பிள்ளைகள் செல்போன் பார்ப்பதைத் தவிர்க்கவும்" என்றும் இருக்கிறது. லீவு விட்டு நாலு நாள்தான் ஆகிறது. மகன் காலை எழுந்ததிலிருந்து மாமியாரின் போனில் ஷார்ட்ஸ் பார்க்கிறான், இல்லாவிட்டால் கேம். பிடுங்கினால் கத்துகிறான், நேற்று கதவைச் சாத்திக்கொண்டான். மகள் போன் இல்லாமல் சாப்பிடுவதில்லை. "லீவு முடியும் வரை போனே கூடாது" என்கிறார் கணவர். மகனுக்கு நண்பர்கள் எல்லாரும் வேறு வேறு பள்ளிக்குப் போகிறார்களாம், அவர்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பில் சேர வேண்டுமாம். ஜூனில் புதுப் பள்ளிக்கு பஸ்ஸில் போகப் போவதால் தனி போனும் கேட்கிறான். கடைசி பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய டீச்சர், "கண்ணை அடிக்கடி சிமிட்டுகிறான், நோட்டை மூக்குப் பக்கத்தில் வைத்து எழுதுகிறான்" என்றார். இவன் போனுக்கு அடிமை ஆகிவிட்டானா?

பதில்:

அன்புச் சகோதரி,

கடிதத்தோடு அந்தச் சுற்றறிக்கையின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். மேலே ஐந்து யூடியூப் லிங்க், கீழே செல்போனைத் தவிர்க்கவும். பள்ளியைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கிற குழப்பம் அப்படியே அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. போன் இல்லாமலும் முடியவில்லை, வைத்துக்கொண்டும் முடியவில்லை. உங்கள் கணவரின் கோபம் நியாயம்தான். ஆனால் "போனே கூடாது" என்பது மூன்று நாள் தாங்கும். நாலாவது நாள் ஹோம்வொர்க்குக்கு ஒருமுறை, அவரோடு வீடியோ காலில் பேச ஒருமுறை என்று அதே போனை நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள். சட்டம் போட்டவர்களே உடைப்பதைப் பத்து வயதுப் பையன் கவனிக்காமல் இருக்க மாட்டான்.

முதல் வேலையாக அந்த பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துத் தாளாக எடுத்துவிடுங்கள். ஹோம்வொர்க்குக்காக போன் என்கிற பேச்சு அதோடு முடிந்தது. வீடியோக்களை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றிரண்டு பார்த்தால் போதும். பார்க்காமலே விட்டாலும் ஆறாம் வகுப்பில் ஒன்றும் குறைந்துவிடாது.

எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று எல்லாரும் கேட்பார்கள், அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. வெளியிட்ட வழிகாட்டுதல்படி 2 வயது வரை திரையே வேண்டாம், உறவினர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு. 2 முதல் 5 வயதுக்குள் நாளுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். உங்கள் மகளுக்கும் மகனுக்கும் கணக்கு இதுதான். ஆனால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றால் வீட்டில் தினமும் பஞ்சாயத்துதான் நடக்கும். என் அனுபவத்தில் சண்டை வருவது எத்தனை மணி நேரம் பார்த்தான் என்பதில் இல்லை, நிறுத்துகிற அந்த ஒரு நிமிடத்தில்தான்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். போன மாதம் ஒரு பாட்டி, எட்டு வயதுப் பேரனைக் காய்ச்சல் என்று கூட்டிவந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையன் கேம் ஆடிக்கொண்டிருந்தான். அவர்கள் முறை வந்ததும் பாட்டி போனை வெடுக்கென்று வாங்கிப் பையில் போட்டார். பையன் போட்ட கூச்சலில் அடுத்த அறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார். "பாருங்க டாக்டர், இப்படித்தான், பைத்தியம் பிடிச்ச மாதிரி பண்றான்" என்றார் பாட்டி. நான் பையனிடம், "என்ன கேம்? எந்த இடத்துல இருந்தே?" என்று கேட்டேன். அழுகையை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் சொன்னான். நாலு பேர் ஒரே டீமாம், மூன்று பேர் அவுட், இவன் ஒருவன்தான் பாக்கி, இன்னும் இரண்டு நிமிடம் தாக்குப் பிடித்திருந்தால் ஜெயித்திருப்பார்களாம். 98 ரன்னில் நிற்கிற பேட்ஸ்மேனை "சாப்பிட வா" என்று கூப்பிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? அந்தக் கூச்சலில் பாதிக்கு நியாயம் இருந்தது. அடுத்த நோயாளியை முதலில் பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டிருந்தால், அவனே போனை பாட்டி கையில் கொடுத்துவிட்டு வந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் கேமுக்கு நிமிடக் கணக்கு சரிப்படாது, ஆட்டக் கணக்குதான் சரிப்படும். ஆடத் தொடங்கும் முன்பே "இரண்டு மேட்ச்" என்று பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது மேட்ச் முடியும்போது யாராவது பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அடுப்படியிலிருந்து "டேய், போதும்டா" என்று குரல் மட்டும் கொடுத்தால் அவன் காதில் விழாது. வேண்டுமென்றே கேட்காதது மாதிரி இருக்கிறான் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே விழாது. இன்னொன்று, சுட்டுத் தள்ளுகிற ஆன்லைன் ஆட்டம் பத்து வயதுக்கு ஏற்றது இல்லை. முன்பின் தெரியாத பெரியவர்களோடு மைக்கில் பேசுகிற வசதி அதில் இருக்கிறது. அவன் ஆடுவது அந்த ரகமா என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த ரகம் என்றால் மைக்கை அணைப்பதோடு நிறுத்தாமல் கேமையே மாற்றுங்கள். செஸ், கிரிக்கெட், கார் ரேஸ் என்று எத்தனையோ இருக்கின்றன.

கேமுக்காவது ஆட்டம் முடிகிற இடம் ஒன்று உண்டு. ஷார்ட்ஸுக்கு அதுவும் கிடையாது. என் சின்ன வயதில் வெள்ளிக்கிழமை இரவு டிவியில் அரை மணி நேரம் சினிமாப் பாட்டுப் போடுவார்கள். அது முடிந்தால் எங்கள் யாருக்கும் பிடிக்காத ஏதோ ஒன்று வரும். எழுந்து சாப்பிடப் போய்விடுவோம். எங்களுக்கு ஒன்றும் கட்டுப்பாடு அதிகம் இல்லை, நிகழ்ச்சி தானாக முடிந்தது, அவ்வளவுதான். இப்போது விரலை மேலே தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கிறது. உங்கள் மகன் பிறந்தபோது ஷார்ட்ஸ் என்று ஒன்றே கிடையாது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், அந்த செப்டம்பரிலேயே யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டார்கள். நம் பிள்ளைகள் தலையில்தான் அது முதலில் விடிந்தது. முடிவே இல்லாத ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு "நீயே நிறுத்து" என்று சொன்னால் பத்து வயதுக்கு முடியுமா? நாற்பது வயதில் இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி நமக்கே முடியவில்லை.

ஆகவே என் யோசனை இதுதான்: திரையை முழுக்க எடுக்க வேண்டாம், முடிகிற திரையாகப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் ஒரு படத்தை ஹால் டிவியில் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பது, மூலையில் படுத்துக்கொண்டு இருபது நிமிடம் ஷார்ட்ஸ் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். அப்புறம், நம் படங்களில் ஒரு நல்ல வசதி உண்டு, இடைவேளை. "இன்னைக்கு இடைவேளை வரைக்கும், மீதி நாளைக்கு" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள் முணுமுணுப்பான். இரண்டாம் நாள் காலையிலிருந்தே மீதிக் கதை என்னவாக இருக்கும் என்று தங்கையிடம் அளந்துகொண்டிருப்பான். அந்த அளப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷார்ட்ஸ் நூறு பார்த்த பிள்ளையிடம் "என்னடா பார்த்தே" என்று கேட்டால் ஒன்றுகூடச் சொல்லத் தெரியாது.

எப்போது கொடுப்பது? இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "சமர்த்தாக இருந்தால் சாயங்காலம் போன்" என்று பரிசு மாதிரி வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் வெயில் இறங்கி, தெருவில் பிள்ளைகள் சேருகிற நேரம். அதைப் போனுக்குக் கொடுப்பது வீண். நம் ஊர் மே மாதத்தில் பதினொரு மணி முதல் நாலு மணி வரை வெளியே விட முடியாது. உங்கள் மாமியாரும் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசர வேண்டும். நாள் முழுக்க இரண்டு பிள்ளைகளோடு அந்த வயதில் மாரடிப்பது லேசா? ஆகவே மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை டிவி என்று வைத்துவிடுங்கள். என்ன பார்ப்பது என்பதைக் காலையில் நீங்கள் கிளம்பும் முன் அவனோடு பேசி முடிவு செய்யுங்கள், முடிந்தால் பென் டிரைவில் போட்டு வையுங்கள். கேம் ஆடுகிற நாளில் படம் கொஞ்சம் குறையட்டும். மகள் கூட உட்கார்ந்து பார்ப்பாள்தான், அதைத் தடுக்க முடியாது. அவளுக்குரிய ஒரு மணி நேரம் அதிலேயே தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஆனதும் பாட்டி பக்கத்தில் படுக்க வையுங்கள்.

மற்ற நேரத்துக்கு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்ல மாட்டேன். ஒட்டுகிற அன்று மட்டும்தான் அதற்கு மரியாதை. பள்ளி நடக்கும்போது பெல் அடித்து நாளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்தது, லீவில் அந்த பெல் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று ஆணிகள் அடித்தால் போதும். காலை ஒன்பது மணி வரை வெளியே, சைக்கிளோ பந்தோ. மதியம் டிவி. நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. நடுவில் இருக்கிற நேரம் கொஞ்சம் சும்மா கிடக்கட்டும். "போர் அடிக்குது" என்று பாட்டியிடம் பத்து முறை சொல்வான், பாட்டி பதறிப் போய் போனை எடுத்துக் கொடுக்காமல் இருந்தால் போதும். பதினோராவது முறை அவனே ஏதாவது செய்யக் கிளம்புவான். அட்டைப் பெட்டியை வெட்டுவான், தங்கையை வம்புக்கு இழுப்பான், தாயக்கட்டையைத் தேடுவான். உங்கள் மாமியாருக்குப் பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆடுபுலியில் அவனை நாலு முறை தோற்கடிக்கச் சொல்லுங்கள், ஐந்தாவது ஆட்டத்துக்கு அவனே கூப்பிடுவான். பத்து நாள் அம்மாயி வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். ஆனால் கிணறு, வாய்க்கால், கல்குவாரிக் குட்டை, எதிலும் நீச்சல் தெரிந்த பெரியவர் துணை இல்லாமல் இறங்கவே கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். மருத்துவராக, லீவு நாட்களில் எனக்குப் போனைவிட அந்தப் பயம்தான் அதிகம்.

இப்போது சின்னவள். போனைக் காட்டி ஊட்டுவதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் பேசினால் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார்: "நாங்க மட்டும் நிலாவைக் காட்டி ஊட்டலையா?" நல்ல கேள்வி. என்னிடம் எத்தனையோ பாட்டிகள் கேட்டிருக்கிறார்கள். நிலாவைக் காட்டும்போது நிலா பேசாது, பாட்டிதான் பேசுவார். குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்க்கும், வாயில் என்ன போகிறது என்று தெரியும், போதும் என்றால் தலையைத் திருப்பும். போனில் எல்லாம் அதுவே பேசிவிடுகிறது, பாட்டிக்கு வேலை ஊட்டுவது மட்டும்தான். குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, பசித்ததும் தெரியாது, மென்று தின்னவும் தோன்றாது. நாலு வயதுக் குழந்தை தானே எடுத்துச் சாப்பிட வேண்டிய வயது. தட்டில் கொஞ்சமாக வைத்து எல்லாரோடும் உட்கார வையுங்கள். முதல் மூன்று நாலு நாள் பாதிச் சோறு அப்படியே இருக்கும், கீழேயும் சிந்தும். நடுவில் பிஸ்கட், முறுக்கு, பால் என்று நிரப்பாமல் இருந்தால் அடுத்த வேளை பசியோடு வருவாள். ஆரோக்கியமான குழந்தை இரண்டு வேளை குறைத்துச் சாப்பிட்டதால் எதுவும் ஆகிவிடாது. இதை உங்கள் வாயால் சொன்னால் மருமகள் குறை சொல்கிறாள் என்று படலாம், அதனால் "டாக்டர் சொன்னாங்க அத்தை" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

அடிமையா என்று கேட்டீர்கள். இல்லை. கதவைச் சாத்திக்கொள்வது கோபம், நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்கிற நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறு என்று ஒன்று அதில் இருக்கிறதுதான். ஆனால் அதற்குக் கணக்கு வேறு. நிறுத்தவே முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாகிப் போவது, கெடுதல் வந்த பிறகும் தொடர்வது, இதெல்லாம் சாதாரணமாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நாலு நாள் லீவை வைத்து அந்த முத்திரையைக் குத்தாதீர்கள். அதுவும் அவன் காதுபட, உறவுக்காரர்களிடம் போனில் "இவன் அடிமையாயிட்டான்" என்று சொல்லவே வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்த பிறகும் இரவு தூங்காமல் ஒளிந்து பார்க்கிறான், பள்ளிக்குப் போக மறுக்கிறான், பணம் எடுக்கிறான், நண்பர்களிடமும் போவதில்லை என்றால் அப்போது பேசுவோம். அப்படி ஒரு நிலை வந்து உடனே யாரிடமாவது கேட்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலிமானஸை 14416 என்ற எண்ணில் அழைத்து, தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கண் விஷயத்தை மட்டும் ஆற வைக்காதீர்கள், இந்த வாரமே காட்டுங்கள். நோட்டை மூக்குப் பக்கத்தில் வைப்பது கிட்டப்பார்வையாக இருக்கலாம். அப்படியானால் கரும்பலகையும் அவனுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, அவன் சொல்லவும் மாட்டான், ஏனென்றால் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அரசு மருத்துவமனைக் கண் பிரிவிலேயே பார்க்கலாம், கண்ணாடிக் கடையில் மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். சிறுவர்களுக்குச் சொட்டு மருந்து போட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் பவர் துல்லியமாகத் தெரியும். சிமிட்டுவதற்குக் காரணம் பல. திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைந்து கண் உலரும், அலர்ஜியாலும் சிமிட்டுவார்கள், சில பிள்ளைகளுக்கு வெறும் பழக்கமாக வந்து சில வாரத்தில் தானே போய்விடும். "ஏண்டா சிமிட்டறே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது கூடத்தான் செய்யும், அதனால் கண்டுகொள்ளாதீர்கள்.

காலையும் மாலையும் வெளியே விடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இந்தக் கண்தான். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள், லீவு நாட்களிலும் வெளியே விடும்படி பெற்றோரிடம் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015இல் இது வெளியானது. வெளிச்சம் செய்த வேலை என்றுதான் நினைக்கிறார்கள். வெயிலில் காய வேண்டும் என்று இல்லை, மர நிழலே போதும். வீட்டு டியூப்லைட்டைவிட வேப்பமர நிழலில் வெளிச்சம் பல மடங்கு அதிகம். ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்திருந்தால் இதனால் அது போய்விடாது, கண்ணாடி போட்டுத்தான் ஆக வேண்டும்.

தூக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். உங்கள் கணவர் அங்கே வேலை முடித்து எட்டரைக்குக் கூப்பிட்டால் இங்கே மணி பத்து. அப்பாவோடு பேசுவதைத் திரை நேரத்தில் சேர்க்கவே வேண்டாம், அது அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டியது. ஆனால் பேசி முடித்ததும் போன் அவன் கையிலேயே தங்கிவிடுகிறது இல்லையா, அங்கிருந்துதான் பதினொன்றரை ஆகிறது. அப்பாவையே கடைசி வார்த்தையாக "போனை அம்மாகிட்ட கொடு, படு" என்று சொல்லச் சொல்லுங்கள். தடை போடுவதைவிட அவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். அவருக்கு வேலை இல்லாத வெள்ளிக்கிழமைகளில் பகலிலேயே ஆற அமரப் பேசட்டும். ராத்திரி போன்கள் எல்லாம் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும் மாமியாருடையதும் சேர்த்துத்தான்.

நண்பர்கள் குரூப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வரிதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகள், திடீரென்று ஒருவன் அரசுப் பள்ளி, ஒருவன் டவுன் பள்ளி, ஒருவன் ஹாஸ்டல் என்று பிரிகிறார்கள். பெரியவர்களுக்கு அது டி.சி. வாங்குகிற வேலை. அவனுக்கு அப்படி இல்லை. நாலு நாளாக அவன் போனில் விழுந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாட்ஸ்அப்புக்குக் குறைந்தபட்ச வயது 13, அதனால் குரூப் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற குரூப்பில் மூன்றாம் நாளே யாரோ யாரையோ கிண்டல் செய்து, ஒருவனை வெளியே தள்ளி, அழுகையில் முடிவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். டி.சி. வாங்கப் போகும் நாளில் அவனையும் கூட்டிப் போங்கள், ஒரு நோட்டில் நண்பர்களின் அம்மா, அப்பா போன் நம்பர்களை அவன் கையாலேயே எழுதி வாங்கட்டும். ஞாயிறு காலை உங்கள் போனில், ஸ்பீக்கரில், இரண்டு பேரோடு பேசட்டும். நடக்கிற தூரத்தில் இருக்கிறவர்களை ஒருநாள் மாலை வீட்டுக்கு வரச் சொல்லி ரோஸ்மில்க் போட்டுக் கொடுங்கள். ஆறாம் வகுப்பில் அதே பள்ளிக்கு யார் வருகிறார்கள் என்று விசாரித்து வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று இருந்தால் ஜூன் மாதம் அவனுக்குப் பாதி சுலபம்.

மாமியாரின் போனில் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அரை மணி நேரம் ஆகும். யூடியூபில் ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். இதுவரை பார்த்ததின் ஹிஸ்டரியை அழித்துவிட்டு, இனி சேராதபடி நிறுத்தி வையுங்கள், அதன் பிறகு இழுத்துப் பிடிக்கிற சரக்கு கொஞ்சம் குறையும். சின்னவளுக்கு என்றால் யூடியூப் கிட்ஸ் தனியாகப் போடலாம். கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் நேர வரம்பு வைக்கலாம்தான், ஆனால் அது பிள்ளைக்கென்று தனி சாதனம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பாட்டி போனில் அதைப் போட்டால் பாட்டியின் சீரியல்தான் நிற்கும், அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம். அதைவிட ஸ்கிரீன் லாக்கை மாற்றிவிட்டு, அதை அவன் பார்க்காமல் போடும்படி அத்தையிடம் சொல்லுங்கள். முக்கியமாக, அந்த போனில் ஜிபே, போன்பே எதுவும் இருந்தால் அதற்குத் தனி லாக் போட்டு, பிளே ஸ்டோரில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். கேமில் துப்பாக்கியும் சட்டையும் வாங்கப் பிள்ளைகள் பாட்டியின் பென்ஷன் பணத்தைக் காலி செய்த கதைகள் என்னிடம் இரண்டு மூன்று உண்டு. யாராவது ஏமாற்றிப் பணம் பிடுங்கியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

கடைசியாக, ஜூனில் தனி போன். பஸ்ஸில் போகிற பையன் போய்ச் சேர்ந்தானா என்று தெரிய வேண்டும் என்பது நியாயம். அதற்கு ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. முதலில் புதுப் பள்ளியில் போன் கொண்டுவர அனுமதி உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. அனுமதித்தால் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுங்கள். இல்லை என்றால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தெரிந்த கடை ஒன்றைப் பிடித்து, உங்கள் நம்பரைக் கொடுத்து வைத்து, கடைக்காரரிடம் அவனையும் ஒருமுறை அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். லீவு முடியும் முன் ஒரு நாள் நீங்கள் லீவு போட்டு, அதே பஸ்ஸில் அவனோடு பள்ளி வரை போய் வாருங்கள். போகும்போது டிக்கெட்டை அவனே எடுக்கட்டும். கண் டாக்டரிடம் போய் வந்ததும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.